சிலேட்டு கேட்ட பெயர்

ஸாங்லி,
வெள்ளிக்கிழமை காலை, வெளியே தூறல்.

அன்பும் மரியாதையும் ஒருங்கே உரிய மாப்பிள்ளை நிஷிகாந்த் அவர்களுக்கு,

மாமனார் ஜனார்தன் பாட்டண்கர் ஆசீர்வாதம் சொல்லி எழுதிக்கொள்வது. நாங்கள் நாக்பூரிலிருந்து பத்திரமாக வந்து சேர்ந்தோம். மூட்டை முடிச்செல்லாம் வந்துவிட்டது, குடை மட்டும் வரவில்லை. அது உங்கள் வீட்டு மாடிப்படிக் கம்பியில் தொங்குகிறதா என்று பார்க்கவும். உங்கள் தாயார் சம்பந்தியம்மாவின் முட்டிவலி குறைந்திருக்கும் என்று நம்புகிறோம். மேதா வேளைக்குச் சாப்பிடுகிறாளா என்று நீங்கள்தான் கவனிக்க வேண்டும், எங்கள் பேச்சை அவள் என்றைக்கும் கேட்டதில்லை. இங்கே உங்கள் மாமியாரும் நானும் சௌக்கியம். வேலையில் இருந்த காலமெல்லாம் பஸ் ஸ்டாண்டு கட்டுப்பாட்டு அறையில் ஒலிபெருக்கி முன்னால் உட்கார்ந்தவன் நான். எதைச் சொல்ல வாயெடுத்தாலும் 'பயணிகளின் கனிவான கவனத்துக்கு' என்றுதான் எனக்கு வரும். ஆகவே உங்கள் கனிவான கவனத்துக்கு: இந்தக் கடிதம் நீங்கள் எனக்கு அன்பளிப்பாக அனுப்பிய சிலேட்டைப் பற்றியது.

நீங்கள் அதை டேப் என்று சொன்னீர்கள். என் கண்ணுக்கு அது ஒன்றாம் வகுப்பில் நான் உடைத்த சிலேட்டு மாதிரியே இருக்கிறது, பல்பத்துக்குப் பதில் விரல், அவ்வளவுதான். உங்கள் வீட்டில் இருந்த நாட்களில் தினமும் சாப்பிடும்போது, "டேப் எப்படி இருக்கு மாமா?" என்று கேட்டீர்கள். நானும் தினமும் "ஃபர்ஸ்ட் கிளாஸ்" என்றேன். மூன்று வருஷத்துக்கொருமுறை வரும் அதிக மாதத்தில் மாப்பிள்ளையை சாட்சாத் நாராயணன் என்று பலகையில் உட்கார வைத்து, விளக்கு காட்டி, அதிரசம் மாதிரி அனார்சே சுட்டுக் கொடுத்துவிட்டு, அவர் கொடுத்த பொருளை அதே வாயால் குறை சொல்வது எங்கள் குடும்பத்தில் வழக்கமில்லை. இப்போது நடுவில் ஒரு முழு ராத்திரி ரயில் தூரம் இருக்கிறது. தைரியமாகச் சொல்கிறேன்.

முதலில் விரல் விஷயம். என் காலத்தில் வண்டிகளின் நேரத்தாளைப் புரட்டுவதென்றால் விரலை நாக்கில் வைத்து எடுத்துத்தான் புரட்டுவோம். அந்தப் பழக்கத்தில் சிலேட்டையும் அப்படியே புரட்டினேன். எச்சில் பட்டதும் அதற்குப் பேய் பிடித்துவிட்டது. தானாகவே பெரிதாகியது, சிறிதாகியது, யாரோ ஒரு வெள்ளைக்காரர் முட்டை உடைப்பதைக் காட்டியது, கடைசியில் விடியற்காலை மங்கலில் உங்கள் தாயாருக்கு முகம் பார்த்துப் பேசும் அழைப்பைப் போட்டுவிட்டது. நான் நாக்பூருக்கு வரும் ரயிலில் மேல் பெர்த்தில் பனியனோடு, பல்செட்டைக் கழற்றி டம்ளரில் போட்டுவிட்டு, மல்லாந்து படுத்தபடி சிலேட்டை மூக்குக்கு நேரே பிடித்திருக்கிறேன். சம்பந்தியம்மா பூஜை அறையிலிருந்து எட்டிப் பார்க்கிறார். அவர் கையெடுத்துக் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன், சிலேட்டு நெஞ்சில் விழுந்தது. அதை அணைக்கத் தெரியாமல் போர்வைக்கு அடியில் ஒளித்துவைத்தேன். எவ்வளவு நேரம் போர்வையின் உட்புறத்தை அவர் பார்த்தாரோ தெரியாது. நாக்பூரில் அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. என் நமஸ்காரத்தையும் நன்றியையும் அவரிடம் சொல்லவும், காரணம் சொல்ல வேண்டாம்.

பிறகு அந்த நீலப் புள்ளி. வண்டி எங்கே போகிறதோ அங்கே படத்தில் நீலப் புள்ளி போகும் என்று நீங்கள் சொன்னது என் ரத்தத்தில் ஊறிய தொழிலோடு ஒட்டிப்போயிற்று. நான் சும்மா இருப்பேனா. எழுந்ததும் பல்செட்டைப் போட்டுக்கொண்டு, புள்ளியைப் பார்த்துப் பார்த்துப் பெட்டி முழுக்கக் கேட்கும்படி அறிவித்துக்கொண்டு வந்தேன். "வண்டி ஜள்காவ் நிலையத்தை நெருங்கிக்கொண்டிருக்கிறது, இறங்குவோர் உடைமைகளைச் சரிபார்த்துக்கொள்ளவும்." ஒரு குடும்பமே படுக்கையைச் சுருட்டிக் கட்டி, தூங்கும் குழந்தையை எழுப்பி அழவைத்து, கதவருகே போய் நின்றது. ஜன்னலுக்கு வெளியே பருத்திக்காடுதான் தெரிந்தது. ஜள்காவ் வர அரைமணிக்கு மேல் ஆயிற்று. அந்தக் குடும்பத் தலைவர் இறங்கும்போது என்னிடம், "நீங்க ரிட்டயர் ஆனது நல்லதாப் போச்சு" என்றார். நீலப் புள்ளிக்கு வந்த பேச்சை நான் வாங்கிக்கொண்டேன்.

இதெல்லாம் பெரிதில்லை. பெரிது புசாவலில் நடந்தது. அதைச் சொல்வதற்கு முன் உங்கள் மாமியாரின் விரலைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

உங்களுக்குத் தெரியும், அவள் விரலை உங்கள் சிலேட்டு ஏற்றுக்கொள்ளவில்லை. கல்யாணமான நாளிலிருந்து சோள பாக்ரி ரொட்டியைக் கையாலேயே தட்டி, சுடுகல்லில் கையாலேயே திருப்பிப் போட்டு, விரல் நுனியெல்லாம் தேய்ந்து வழவழவென்று காய்த்துவிட்டது. அவள் தட்டினால் சிலேட்டு கட்டையால் தட்டியது மாதிரி பேசாமல் இருக்கிறது. "என்னை மனுஷியாவே நினைக்கமாட்டேங்குது" என்று அவள் போனில் சொன்னதைக் கேட்டுத்தான் நீங்கள் அங்கிருந்தே அந்தக் குரல் வசதியைப் போட்டுக் கொடுத்தீர்கள். 'சகி' என்று கூப்பிட்டால் அதற்குள்ளிருந்து ஒரு பெண் மராட்டியில் பதில் சொல்வாள், யாரை அழைக்க வேண்டும் என்று கேட்பாள், பெயரைச் சொன்னால் போதும். நீங்கள் பெரிய படிப்புப் படித்தவர், நல்ல எண்ணத்தில் செய்தீர்கள். ஆனால் பெயரைச் சொன்னால் போதும் என்று அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டீர்களே.

மேதா உங்களை நிஷி, நிஷி என்று வீடு முழுக்கக் கூப்பிடுகிறாள், காலம் மாறிவிட்டது, தப்பில்லை. உங்கள் மாமியார் அந்தக் காலம். நம் பெண்கள் புருஷன் பெயரை வெறுமே சொல்லமாட்டார்கள், ரெண்டு வரி உகாணாப் பாட்டுக் கட்டி அதற்குள் கோத்துத்தான் சொல்வார்கள், அதுவும் நாலு பேர் வற்புறுத்தினால். எங்கள் கல்யாணத்தன்று அவள் முதன்முதலாக வீட்டுக்குள் நுழையும்போது என் தங்கைகள் வாசலை மறித்துக்கொண்டு, "பேர் சொன்னாத்தான் வழி விடுவோம்" என்றார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். சொன்ன அந்த நொடியில் பாண்டு வாத்தியக்காரன் டமாரத்தில் ஓங்கி ஒரு போடு போட்டான். உதடு அசைந்தது எனக்குத் தெரிந்தது, ஒரு சத்தமும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு எத்தனையோ மஞ்சள் குங்குமம், எத்தனையோ வளைகாப்பு. அங்கெல்லாம் ஆண்களுக்கு இடமில்லை. மறுநாள் பக்கத்து வீட்டம்மா வந்து, "நேத்து வைஜயந்தி அண்ணி உங்க பேரை எவ்வளவு அழகாச் சொன்னாங்க தெரியுமா" என்பாள். ஸாங்லியில் பாதிப் பெண்கள் கேட்டுவிட்டார்கள். நான் கேட்டதில்லை. ஒலிபெருக்கியில் ஊர்ப் பெயர்களைச் சொல்லியே வாழ்ந்தவனுக்கு, தன் பெயரை அந்த ஒரு வாயால் கேட்க வேண்டும் என்று ஒரு சின்ன ஆசை இருக்கக்கூடாதா. நான் யாரிடமும் சொன்னதில்லை, உங்களிடம் சொல்கிறேன்.

இனி புசாவல். நல்ல வெயில் ஏறிவிட்டது. வண்டி நின்றது. இன்னும் பத்து நிமிஷம் நிற்கும் என்று சிலேட்டு சொன்னது. நான் அதை அவள் மடியில் வைத்து, "டீ வாங்கிட்டு வர்றேன்" என்று இறங்கினேன். அவள் அனார்சே டப்பாவைக் கட்டிக்கொண்டு எனக்கு அடுத்த சீட்டில் உட்கார்ந்திருந்தாள். நான் எழுந்ததும் என் ஜன்னல் சீட்டுக்கு அவள் நகரவில்லை, அதில் கைப்பையை வைத்து இடம் பிடித்துக்கொண்டாள், அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கீழே இறங்கினால் டீக்கடையில் கூட்டம், பக்கத்திலேயே ஒருவன் கூடை நிறைய வாழைப்பழம் வைத்திருந்தான். புசாவலில் இறங்கி வாழைப்பழம் வாங்காமல் போக யாரால் முடியும். வாங்கித் திரும்பினால் வண்டி நகர்கிறது. சிலேட்டின் கணக்குப்படி இன்னும் பாதி நேரம் மிச்சம். வண்டிக்கு அந்தக் கணக்கு தெரியவில்லை. நான் ஓடினேன், ஒரு செருப்பு நடைமேடையிலேயே நின்றுவிட்டது, கையில் கிடைத்த கம்பியைப் பிடித்துக் கடைசிப் பொதுப்பெட்டியில் தொற்றிக்கொண்டேன். ஒற்றைச் செருப்பை வைத்து என்ன செய்ய, அதையும் கழற்றி வெளியே விட்டேன், கண்டெடுப்பவனுக்கு ஜோடியாகக் கிடைக்கட்டும் என்று.

பொதுப்பெட்டியிலிருந்து எங்கள் பெட்டிக்கு உள்ளே வழியில்லை. அடுத்து மல்காபூரில் நின்றால்தான் இறங்கிப் போக முடியும். சட்டைப்பையில் பழைய போன் இருக்கிறது, ஆனால் டேப் வந்துவிட்டதே என்று அதற்குப் பணம் கட்டுவதை நிறுத்தியிருந்தேன். வருகிற அழைப்பு வரும், இங்கிருந்து போகாது. ஒரு காலை ஊன்ற இடமில்லாமல், வாழைப்பழச் சீப்பைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நான் நின்ற நிலையைப் பார்த்து ஒரு பையன் போன் நீட்டினான். சிலேட்டின் எண் எனக்கு மனப்பாடமில்லை, பழைய போனிலும் பதிந்து வைக்கவில்லை. மேதாவின் எண் தெரியும். மேதாவைக் கூப்பிட்டால் உங்களுக்குத் தெரிந்துவிடும். மாமனார் வண்டியைத் தவறவிட்டார் என்று மாப்பிள்ளைக்குத் தெரிவதைவிட மல்காபூர் வரை ஒற்றைக்காலில் நிற்பது மேல் என்று தோன்றியது. ஆனால் மனசு அங்கே இல்லை. அவள் இதுவரை தனியாக ரயிலில் போனதே கிடையாது. டிக்கெட் சிலேட்டுக்குள், சிலேட்டு அவள் கையில், அவள் கைக்கு அது அசையாது. அவள் அழுதுகொண்டிருப்பாளோ என்று நினைத்து, மல்காபூர் எப்போது வரும் என்று பக்கத்தில் இருந்தவர்களையெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தேன், அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அங்கே நடந்ததைப் பின்னால் அந்தப் பெண்களே சொன்னார்கள். எங்கள் பெட்டியில் ஸாதாராவிலிருந்து ஷேகாவ் கஜானனர் கோயிலுக்குப் போகும் பஜனைக் குழு ஒன்று ஏறியிருந்தது. அவர்களுக்குத் தலைவி ரக்மாபாய், நெற்றி நிறையக் குங்குமம், மடியில் ஒரு ஜோடித் தாளம். வண்டி நகர்ந்தும் நான் வராததைப் பார்த்து உங்கள் மாமியார் அழுதிருக்கிறாள்.

"அழாதீங்க அண்ணி. ஆம்பளைங்க எங்க தொலையப்போறாங்க, பசிச்சா வந்துடுவாங்க" என்றாளாம் ரக்மாபாய்.

"இவர் பசிக்கு வர்றவர் இல்லம்மா. பேச ஆள் கிடைச்சா அங்கேயே நின்னுடுவார்" என்றாளாம் இவள்.

பிறகு சிலேட்டை எடுத்து, "சகி, இவரைக் கூப்பிடும்மா" என்றிருக்கிறாள். புரியவில்லை என்றது. "எங்க வீட்டுலவரை" என்றாள். அருகில் வாடகைக்கு உள்ள வீடுகளைக் காட்டியது. "டீ வாங்க இறங்கினாரே, அவரை" என்றாள். பக்கத்தில் உள்ள தேநீர்க் கடைகளைக் காட்டியது. குழுவில் இளையவளான பிரமிளா பொறுக்க முடியாமல் சிலேட்டை வாங்கி, "நான் தட்டிடறேன் அண்ணி, இதுல எந்தப் பேரு?" என்று கேட்க, இவள் விரலை நீட்டப்போக, ரக்மாபாய் அந்தக் கையைப் பிடித்துவிட்டாள்.

"இரு பிரமிளா, தட்டாதே. வாசல்ல பேர் சொல்லாம எந்தப் பொண்ணு உள்ள போனா? பேர் சொல்லட்டும், தட்டலாம்."

"இதென்ன கல்யாணமா?" என்றாளாம் இவள்.

"கல்யாணம் பண்ணினதாலதானே அண்ணி தேடறீங்க."

அவர்களுக்கு விளையாட்டு. என்றாலும் ஒன்று சொல்ல வேண்டும், அதற்குப் பிறகு இவள் அழுகை நின்றுவிட்டதாம்.

மல்காபூரில் வண்டி நின்றதும் குதித்தேன், வெறுங்காலோடு, பழத்தோடு, அந்த நீள நடைமேடையில் ஓடி எங்கள் பெட்டியில் ஏறினேன். எங்கள் இடம் வாசலை ஒட்டி முதலாவது, கைகழுவும் தொட்டிக்கு அடுத்த தடுப்புக்கு அந்தப் பக்கம். வண்டி கிளம்பியது. உள்ளே எட்டிப் பார்த்தேன். அவள் எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். மடியில் அனார்சே டப்பா திறந்து கிடந்தது. எல்லார் வாயும் அசைந்துகொண்டிருந்தது. பேர் கேட்காமல் இருப்பதற்காக இவள் ஆளுக்கொன்று லஞ்சம் கொடுத்திருக்கிறாள். அவர்கள் தின்று முடித்து, முந்தானையில் வாயைத் துடைத்துக்கொண்டு, "இப்ப பேர்" என்றார்கள். அதிக மாத வழக்கப்படி உங்களுக்குச் சேர வேண்டிய முப்பத்து மூன்று அனார்சேயில் டப்பா ஏன் குறைந்திருந்தது என்று நீங்கள் கேட்கவே இல்லை, அந்தப் பெருந்தன்மைக்கு நன்றி.

நான் உள்ளே போயிருக்க வேண்டும். அது எனக்குத் தெரியும். ஒரு காலை எடுத்தும் வைத்தேன். அப்போதுதான் பிரமிளா சிலேட்டை இவள் கையில் திருப்பிக் கொடுத்து, "பிடிங்க அண்ணி, நீங்களே அதுகிட்டச் சொல்லுங்க. நாங்க காதைப் பொத்திக்கறோம்" என்றாள். என் கால் அங்கேயே நின்றுவிட்டது. பாண்டு வாத்தியம் இல்லை. மறிக்கத் தங்கைகள் இல்லை. அவள் சொல்லப்போகிறாள். நான் தடுப்புக்குப் பின்னால் பழத்தோடு ஒட்டிக்கொண்டேன். மாப்பிள்ளை, என்னை நீங்கள் என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள், இதை மாமியாரிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

அவள் சிலேட்டை வாங்கிக்கொண்டாள். சிலேட்டு அணைந்து கறுப்பாக இருந்தது, அதையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். சாமியைக் கும்பிடுகிறாள் என்று நினைத்தேன். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள், முந்தானையைச் சரிசெய்துகொண்டாள், நிமிர்ந்து உட்கார்ந்தாள். "சகி, நல்லாக் கேட்டுக்கோ" என்றாள். ரயில் சத்தத்தையும் மீறித் தெளிவாகச் சொன்னாள்:

"புசாவல் வாழைப்பழம் சீப்புச் சீப்பாத் தொங்குது,
ஜனார்தன்ராவ் இல்லாம ஜன்னல் சீட்டு ஏங்குது."

பொத்திய காதையெல்லாம் எடுத்துவிட்டு அந்தப் பெண்கள் கைதட்டினார்கள். நான் தொட்டியைப் பிடித்துக்கொண்டேன். என் பெயர் இவ்வளவு நன்றாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. இன்னொன்றும் கவனியுங்கள். நான் டீ வாங்கப் போவதாகத்தான் சொல்லிப் போனேன். வாழைப்பழம் வாங்கினது அவளுக்கு எப்படித் தெரியும்? இத்தனை வருஷம் கூட வாழ்ந்தால் மனசுக்கு மனசு கம்பியில்லாமல் சேதி போகும் போலிருக்கிறது. உங்கள் சிலேட்டு அந்த வேலையைச் செய்யாது.

ஆனால் அது தன் வேலையைச் செய்துவிட்டது. பாட்டையெல்லாம் விட்டுவிட்டுப் பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு, "ஜனார்தன்ராவ் பாட்டண்கரை அழைக்கிறேன்" என்றது. என் சட்டைப்பையில் போன் அடித்தது. அது சாதாரணமாக அடிப்பதில்லை, விட்டல விட்டல என்று நாமம் சொல்லும், எனக்குக் காது கொஞ்சம் மந்தம் என்பதால் முழுச் சத்தத்தில் வைத்திருக்கிறேன். பஜனைக் குழுவுக்குக் கேட்க வேண்டுமா. ரக்மாபாய் யோசிக்காமலே தாளத்தை எடுத்துவிட்டாள், நாலு பேர் கூடச் சேர்ந்து பாடினார்கள், அதன் பிறகுதான் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று எட்டிப் பார்த்தார்கள்.

"இதோ நிக்கறாரே, பழத்தோட."

"இப்பத்தான் ஏறி ஓடி வர்றேன். மூச்சு வாங்குது பாருங்க" என்றேன். மூச்சு நிஜமாகவே வாங்கியது. அவர்கள் நம்பினார்கள், உங்கள் மாமியாரும் நம்பினாள். என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள், "டீ எங்கே?" என்று கேட்டாள். பழத்தை வாங்கி எல்லாருக்கும் பிய்த்துக் கொடுத்தாள். கைப்பையை எடுத்து ஜன்னல் சீட்டைக் காலி செய்தாள். அகோலாவில், "செருப்பு எங்கே?" என்றாள். நாக்பூர் ஸ்டேஷனில் நான் வெறுங்காலோடு இறங்கியதைப் பார்த்து, "வேண்டுதலா மாமா?" என்று நீங்கள் கேட்டபோது ஆமாம் என்றேன். அது முழுப் பொய்யும் இல்லை.

ஆகவே மாப்பிள்ளை, இவ்வளவையும் யோசித்து நான் வந்த முடிவு என்னவென்றால், அந்தச் சிலேட்டு எங்களுக்கு ஒத்துவராது. வண்டி நிற்கும் என்றால் ஓடுகிறது, ஜள்காவ் என்றால் காடு வருகிறது, பெரியவர்கள் வீட்டுக்கு நேரங்கெட்ட நேரத்தில் முகத்தைக் காட்டுகிறது, ஒரு குடும்பப் பெண்ணின் விரலை மதிக்கத் தெரியவில்லை, பத்துப் பேர் நடுவில் அவள் வாயைப் பிடுங்குகிறது. தீபாவளிக்கு நீங்கள் வரும்போது அதை மரியாதையோடு திருப்பி எடுத்துக்கொள்ளவும். அட்டைப்பெட்டியைக்கூடப் பத்திரமாக வைத்திருக்கிறேன். பதிலுக்கு மாமியாருக்குப் பொத்தான் வைத்த போன் ஒன்று போதும், அதை அழுத்தினால் அழுந்தும்.

நீங்களும் மேதாவும் எல்லாச் செல்வமும் பெற்று, குறித்த நேரத்தில் கிளம்பி, குறித்த இடத்துக்குப் போய்ச் சேர்ந்து, ஒருவருக்கொருவர் பக்கத்திலேயே உட்கார்ந்து பயணம் செய்ய வேண்டும் என்று கஜானனரை வேண்டிக்கொள்கிறேன். சம்பந்தியம்மாவுக்கு நமஸ்காரம்.

உங்கள் நலம் நாடும்,
ஜனார்தன் பாட்டண்கர்

பி.கு. மேலே எழுதியதை நிதானமாகப் படிக்கவும், அவசரம் ஒன்றுமில்லை. யோசித்துப் பார்த்தால் திருப்பி எடுப்பதைத் தள்ளிப்போடலாம் என்று தோன்றுகிறது. மாமியார் விரலுக்கு அந்தக் குரல் வசதியை விட்டால் வேறு வழியில்லை. எனக்காகச் சொல்லவில்லை. இப்போதெல்லாம் சாயங்காலம் நான் காய் வாங்க மார்க்கெட் போனால், கொத்தமல்லி மறந்துவிட்டது என்று அவள் சிலேட்டைத்தான் கூப்பிட வேண்டியிருக்கிறது. வேறு வழியில்லாமல் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறாள், எதிர்வீட்டுக்காரர் கேட்டதாகச் சொன்னார். ஆகையால் அது இருக்கட்டும்.

இன்னொரு பி.கு. மாப்பிள்ளைக்கு மாமியார் வைஜயந்தியின் ஆசீர்வாதம். இவர் சோற்றுப் பருக்கையால் உறையை ஒட்டிவிட்டுத் தபால்தலை வாங்கப் போயிருக்கிறார். பருக்கை காய்வதற்குள் பிரித்துப் படித்துவிட்டேன், மன்னிக்கணும். இவர் எழுதினதில் ஜள்காவ் சமாசாரம் நிஜம், பல்செட்டு நிஜம். மத்ததை நான் கொஞ்சம் சரிபண்ண வேண்டியிருக்கு.

என் விரல் அந்த டேப்பில் வேலை செய்யாது என்பது முழுசாச் சரியில்லை. பாக்ரி திருப்பும்போது சுண்டு விரல் கல்லில் படுவதே இல்லை. நீங்க அனுப்பின வாரமே கண்டுபிடிச்சேன். இவர் மத்தியானம் தூங்கும்போது சுண்டு விரலால்தான் மேதாவோடு பேசறேன், அவளைக் கேட்டுப் பாருங்க. ரயிலில் முதலில் பயத்தில் எனக்கு அது ஞாபகமே வரவில்லை. இவர் கால் தவறி விழுந்துட்டாரோ என்று உயிரே போயிடுச்சு, அதை நான் மறைக்கலை. பிரமிளா டேப்பைத் திருப்பிக் கொடுத்ததும்தான் ஞாபகம் வந்து, சுண்டு விரலை நீட்டினேன். அதற்குள் அது அணைஞ்சு கறுப்புக் கண்ணாடியா ஆயிடுச்சு. அந்தக் கண்ணாடியில் என் தோளுக்குப் பின்னால் ஒரு சீப்பு வாழைப்பழம் தெரிஞ்சுது. அப்புறம் இவர் மூக்கு.

கோபம் வந்தது பாருங்க, டப்பாவை எடுத்து வீசியிருப்பேன். நான் இங்கே அழுதுட்டு இருக்கேன், இவர் ஒளிஞ்சுக்கிட்டு நிக்கறார். ஆனால் அந்த மூக்கு அப்படிக் காத்துக்கிட்டு இருந்தது. கல்யாணத்தன்னைக்கு அந்த டமாரக்காரன் செய்ததை இவர் மட்டும்தான் ஞாபகம் வெச்சிருக்கார் என்று இவருக்கு நினைப்பு. நான் விரலை மடக்கிக்கிட்டேன். பெயரைச் சொன்னால் இவர் கேட்பார், கூடவே பையில் மணியும் அடிச்சு மாட்டிக்கவும் செய்வார், ரெண்டும் நடக்கட்டும் என்றுதான் சொன்னேன். ஜன்னல் சீட்டு வரி மட்டும் இவரை மாட்டிவிடச் சொன்னதில்லை.

டேப்பை எடுத்துக்க வேண்டாம். சுண்டு விரல் சமாசாரத்தை இவரிடம் சொல்லவும் வேண்டாம். கொத்தமல்லி வீட்டில் நிறைய இருக்கு.

மழை வலுத்துடுச்சு, குடை உங்க வீட்டில் இருக்கு. இவர் தபாலாபீஸ் வாசலில் போனைக் கையில் வெச்சுக்கிட்டு நின்னுட்டு இருப்பார். நான் போய் டேப்பில் கூப்பிடணும், பெயர் சொல்லி.